இரண்டரை அங்குலத்தின் கணக்கு

(நமது கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை இதே இடத்தில் டாக்டரம்மா முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு முன்னால் மாடித் தோட்டம். இந்தத் தடவை நான் பிக்கப் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுவது பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செக்ரட்டரி, "சார், நீங்க பேங்க்லதானே இருந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம். பி.காம். முடித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் கிளார்க். என் கை பேனா பிடித்த கை, ஸ்பேனர் பிடித்த கை அல்ல. ஆனால் ஒரு வண்டியை உயர்த்திய வேலைக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை கணக்கு எழுதியவன் நான். அந்த நோட்டு இதோ இருக்கிறது.

பேச வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பி பிளாக்கில் இரண்டு தம்பிகள் சேர்ந்து ஒரு பிக்கப் வாங்கியிருக்கிறார்கள். நல்ல வண்டி. அதை இன்னும் உயர்த்தி, பெரிய டயர் போட்டு, மலைப்பக்கம் போக ஆசை. நான் அமெரிக்காவில் பையனோடு இருந்தபோது இப்படி ஒன்று செய்தோம் என்று கேள்விப்பட்டு, லிஃப்டில் என்னை மடக்கி, "அங்கிள், கம்மி செலவுல எப்படிப் பண்ணீங்க? லிஸ்ட் குடுங்க" என்றார்கள். லிஸ்ட் மட்டும் கொடுத்தால் அது பாதி கணக்கு. வரவு தெரியும், செலவு தெரியாது. அதனால் முழுக் கணக்கையும் எல்லோர் முன்னாலும் வாசித்துவிடலாம் என்று வந்தேன். அந்தத் தம்பிகளின் அப்பா அம்மாவும் இங்கே இருப்பது எனக்கு வசதிதான்.

2022-இல் நானும் வீட்டம்மாவும் ஆறு மாதம் வட கரோலினா மாநிலத்தில், ராலே நகரத்துப் பக்கம் பையன் வீட்டில் இருந்தோம். அங்கே பிக்கப் என்பது நம் ஊர் ஸ்கூட்டர் மாதிரி. 1970-களின் கடைசியிலிருந்து அந்த நாட்டில் மிக அதிகம் விற்கும் டிரக் ஃபோர்டின் எஃப் வரிசைதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் பையன் வாங்கியது அதன் தம்பி, பழைய ஃபோர்டு ரேஞ்சர். நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் உவாரி என்று ஒரு தேசிய வனம் இருக்கிறது. அதற்குள் கல்லும் வேரும் சேறுமாக வண்டி ஓட்டவென்றே பாதைகள் விட்டிருக்கிறார்கள். ஆபீஸ் நண்பர்களோடு அங்கே போக வேண்டும், அதற்கு 31 அங்குல டயர் வேண்டும் என்றான்.

"எவ்வளவுடா ஆகும்?" என்றேன்.

"நானூறு டாலருக்குள்ள முடிச்சிடலாம்பா."

நோட்டில் எழுதச் சொன்னேன். பின்பக்க ஷாக்கிள் ஒரு ஜோடி 85 டாலர். பழைய டயர் நான்கு 300 டாலர். முன்பக்கம் உயர்த்தச் செலவே இல்லை, ஒரு போல்ட்டைத் திருகினால் போதும். மொத்தம் 385. இதுதான் முதல் பக்கம்.

முதலில் எதற்காக உயர்த்த வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய டயர் அப்படியே உள்ளே போகாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மட்கார்டில் உரசும், பள்ளத்தில் இறங்கி ஏறினால் மேலே இடிக்கும். அந்த இடத்தை உண்டாக்கத்தான் வண்டியை உயர்த்துவது. ஆகையால் எந்த டயர் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், அதற்குத் தேவையான அளவு மட்டுமே உயர்த்த வேண்டும். ஐந்து அங்குலம் உயர்த்திவிட்டு அதற்கு டயர் தேடுவது, வாடகை வீடு பார்க்குமுன் சாமான் வாங்கிப் போடுவது மாதிரி.

டயர் கணக்கு உங்கள் எல்லோருடைய காருக்கும் பொருந்தும், அதனால் கொஞ்சம் கவனியுங்கள். அந்த வண்டியில் இருந்தது 235/75 ஆர் 15. இதில் 235 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 15 என்பது ரிம் விட்டம், அங்குலத்தில். 235-இல் 75 சதவீதம் 176.25 மி.மீ. மேலே ஒன்று கீழே ஒன்று, இரண்டு சுவர் 352.5. ரிம் 15 அங்குலம் என்பது 381 மி.மீ. மொத்தம் 733.5 மி.மீ. புது டயர் 31 அங்குலம், அதாவது 787.4 மி.மீ. வித்தியாசம் 53.9. ஆனால் அச்சு டயரின் நடுவில் இருக்கிறது. ஆகவே அச்சு உயர்வது அதில் பாதி, ஏறக்குறைய 27 மி.மீ.தான். இந்த 27-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

இனி உயர்த்தும் வழிகள். பிக்கப்பின் அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம் இருக்கும். சக்கரமும் ஸ்பிரிங்கும் அந்தச் சட்டத்தில் மாட்டியிருக்கும். மேலே உட்காரும் கூடு ரப்பர் அடிமணைகள் வைத்துச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டிருக்கும். ஆகவே இரண்டு இடத்தில் உயர்த்தலாம். சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவில் கட்டை வைக்கலாம். அல்லது சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஸ்பிரிங் பக்கம் உயர்த்தலாம்.

முதல் வழி மலிவு. எதிர் வீட்டுக்காரர், நல்ல மனிதர், "ஐஸ் ஹாக்கி வட்டுகளை வாங்கி நடுவில் துளை போட்டு வை, ஐம்பது டாலர்கூட ஆகாது" என்றார். ஐஸ் ஹாக்கியில் தள்ளி விளையாடுகிறார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு அங்குலம் தடிமன். அந்த ஊரில் இது பழைய தந்திரம். கூடு மேலே போனால் அதோடு எவையெல்லாம் இழுபடும் என்று பையனைப் பட்டியல் போடச் சொன்னேன். ஸ்டியரிங் தண்டு, பெட்ரோல் ஊற்றும் குழாய், ரேடியேட்டரைச் சுற்றிய ஃபேன் உறை, கியர் கம்பி, எர்த் ஒயர். சந்தையில் விற்கும் முறையான கிட்டில் இதற்கெல்லாம் நீட்டிப்புத் துண்டுகள் வரும். ஹாக்கி வட்டில் வராது. மேலும் அந்த ரப்பர் அடிபடுவதற்குச் செய்தது, பத்து வருடம் பாரம் சுமப்பதற்குச் செய்தது அல்ல. "இந்தக் கடனுக்கு ஜாமீன் யாருடா?" என்றேன். சிரித்துவிட்டு விட்டான்.

இரண்டாவது வழி ஸ்பிரிங். அந்த வண்டியில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. டார்ஷன் பார் என்று நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனை சக்கரத்தின் கையில், மறு முனை சட்டத்தில். சக்கரம் மேலே வரும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கே ஸ்பிரிங். சட்டத்தின் பக்கம் ஒரு போல்ட் உண்டு. அதைத் திருகினால் முன்பக்கம் எழும்பும். பைசா செலவில்லை.

பின்பக்கம் லாரியில் பார்த்திருப்பீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள், லீஃப் ஸ்பிரிங். அதன் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைக்கும் தொங்கு துண்டுக்கு ஷாக்கிள் என்று பெயர். அதை நீளமாகப் போட்டால் அந்த முனை விலகி வண்டி உயரும். அச்சு நடுவில் இருப்பதால் முனையில் மூன்று அங்குலம் கூட்டினால் நடுவில் ஒன்றரைதான் கிடைக்கும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்தும் உயர்த்தலாம். ஆனால் கட்டைமேல் கட்டை அடுக்கக் கூடாது. முன் அச்சில் கட்டை வைக்கவே கூடாது, பிரேக் பிடிக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். யூ போல்ட்டைக் கழற்றினால் அதையே திரும்பப் போடக் கூடாது. அது ஒரு தடவை இறுக்கும்போதே நீண்டுவிடும். இந்த மூன்றும் செலவைக் குறைக்கிறேன் என்று பலர் செய்யும் தப்புகள்.

வேலை ஆரம்பித்தோம். நான் செய்த முதல் வேலை அளப்பது. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை, நான்கு மூலையிலும். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று கொஞ்சம் குறைந்தாலும் கணக்கு மாறிவிடும். மையத்திலிருந்து அளந்தால் மாறாது. முன் இடது பதினெட்டே முக்கால் அங்குலம், முன் வலது பத்தொன்பது, பின்னால் இரண்டும் இருபதரை. பின்பக்கம் உயரமாக இருப்பது பழுது அல்ல. பாரம் ஏற்றினால் சமமாகும்படி அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது ஜாக் ஸ்டாண்டு. வண்டியோடு வந்த ஜாக்கியில் நிறுத்திவிட்டு அடியில் நுழையப் பார்த்தான். நான் விடவில்லை. "கடையில் போய் மூன்று டன் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வா, அதுவரை நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்" என்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். 45 டாலர். முழு நோட்டிலும் நான் கேள்வி கேட்காமல் எழுதிய ஒரே தொகை அதுதான். தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்டு. நம் வீட்டில் ஸ்டெப்னி மாற்றுபவர்களுக்கும் சொல்கிறேன், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

முன்பக்கப் போல்ட்டை மூன்று அங்குலம் எழும்பும்வரை திருகினான். அரை மணி நேர வேலை. வண்டி கம்பீரமாக நின்றது, பொய் சொல்ல மாட்டேன். நானே போட்டோ எடுத்தேன். ஷாக்கிள் மட்டும் ஒரு நாள் முழுக்கத் தின்றது. இருபது வருடத் துரு. எண்ணெய் விட்டு, தட்டி, காத்திருந்து, மறுபடி விட்டு, இருட்டிய பிறகுதான் போல்ட் அசைந்தது.

அலைன்மென்ட் பார்க்காமலே மூன்று வாரம் ஓட்டினான். அங்கே ஆரம்பித்தது வம்பு. சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட முன்னால் 'டக்' என்று ஒரு அடி. கம்பி விறைத்துவிட்டது என்று நினைத்தோம். அப்படி இல்லை. போல்ட்டைத் திருகினால் கம்பியின் பலம் மாறாது, சக்கரம் நிற்கும் இடம்தான் மாறும். வண்டி மேலே போய்விட்டதால் சக்கரம் கீழே இறங்க மிச்சம் இருந்த தூரம் குறைந்துவிட்டது. பள்ளத்தில் இறங்க வேண்டிய சக்கரம் பாதியிலேயே தடுப்பில் மோதியது. சேமிப்புக் கணக்கில் இருப்பை எல்லாம் எடுத்து நகை வாங்கிவிட்டு, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கையை விரிக்கிற மாதிரி. போதாததற்கு முன் டயர் இரண்டும் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்து மொட்டையாகின. அந்தப் பழைய டயர்களை ஒருவர் 120 டாலருக்குக் கேட்டிருந்தார். ஓரத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று போய்விட்டார். அதை நஷ்டம் என்று எழுதினேன்.

முன்பக்கத்தை ஒன்றரை அங்குலத்துக்கு இறக்கினோம். அலைன்மென்ட் கடைக்குப் போனால், சக்கரத்தின் சாய்வு அளவுக்குள் வரவில்லை, சரிசெய்யும் புஷ் வாங்கி வாருங்கள் என்றார்கள். பார்த்ததற்கு 110 டாலர். புஷ் 48. மறுபடி பார்க்க இன்னொரு 110. முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு 110 மிச்சம். வண்டி உயர்ந்ததும் பழைய ஷாக் அப்சார்பர்களும் தேய்ந்திருந்தது தெரிந்தது. நான்கும் மாற்ற 208.

இப்போது டயர். பழைய டயர் விற்கும் இடத்தில் 300-க்கு நான்கு, பார்க்கப் பளபளவென்று இருந்தன. பட்டன் நிறைய இருந்தது. நான் பக்கச் சுவரைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு டயரிலும் நீளமான குறியீட்டின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அங்கே 3412 என்று இருந்தது. 2012-ஆம் வருடம் 34-ஆவது வாரம். பத்து வயது டயர். ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் கிடந்தாலும் கெடும். காசோலை எவ்வளவு அழகான கையெழுத்தில் இருந்தாலும் தேதி போய்விட்டால் கவுண்டரில் வாங்க மாட்டோம் இல்லையா? வேண்டாம் என்றேன். புது டயர் ஒன்று 178 வீதம் நான்கு 712, மாட்டி பேலன்ஸ் செய்ய 80. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கார் டயரில் அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். ஸ்டெப்னியிலும் பாருங்கள். நிறைய பேருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது.

பெரிய டயரால் மீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். டயர் ஒரு சுற்றில் போகும் தூரம் 7.3 சதவீதம் கூடிவிட்டது. மீட்டருக்கு அது தெரியாது. 65 மைல் வேகம் என்று காட்டும்போது உண்மையில் வண்டி கிட்டத்தட்ட 70-இல் போகிறது. அபராதம் யாருக்கு? தூரமும் அப்படித்தான். "முன்னே கேலனுக்கு 18 மைல் குடுத்தது, இப்போ 16தான்பா" என்று பையன் புலம்பினான். ஓடிய மைலே குறைவாகப் பதிவாகிறது என்று காட்டினேன். 16-ஐ 1.073-ஆல் பெருக்கினால் 17.2. இழப்பு இரண்டு மைல் அல்ல, ஒரு மைலுக்கும் குறைவு. நோட்டில் திருத்தி எழுதினேன். லாபமோ நஷ்டமோ, தப்பாக எழுதக் கூடாது.

இனி சொல்லப்போவதுதான் நான் இங்கே வந்து நிற்பதற்கு உண்மையான காரணம்.

டயர் மாட்டிய இரண்டாம் நாள். மழை விட்டிருந்தது. பையன் ஓட்டுகிறான், நான் பக்கத்து சீட்டில். எங்கள் தெரு ஒரு சரிவில் இறங்கிப் பெரிய ரோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்தப் பலகை இருக்கிறது. தினமும் நிற்கிற இடம். வழக்கமாக மிதிக்கும் இடத்தில் பிரேக்கை மிதித்தான். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கவில்லை. அழுத்தி மிதித்தான். கோட்டைத் தாண்டி, மூக்கு பெரிய ரோட்டில் நீட்டிக்கொண்டுதான் நின்றது. இடதுபக்கமிருந்து வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டே வளைந்து போனது. உள்ளே ஒரு அம்மாவும் பின்னால் குழந்தை சீட்டும் தெரிந்தது. எவ்வளவு இடைவெளி என்று அளக்க என்னிடம் டேப் இல்லை. வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

ராத்திரி காரணத்தை யோசித்தோம். பிரேக் சக்கரத்தின் நடுவில் பிடிக்கிறது. வண்டியை நிறுத்துவது டயர் தரையைத் தொடும் இடம். நடுவுக்கும் தரைக்கும் தூரம் 7.3 சதவீதம் கூடினால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் பிடி ஏறக்குறைய 7 சதவீதம் குறையும். குளியலறைத் தராசில் பழைய டயரையும் புது டயரையும் ரிம்மோடு நிறுத்துப் பார்த்தோம். ஒன்றுக்குப் பத்து பவுண்டு அதிகம். சுழலும் கனத்தை நிறுத்துவது இன்னும் கஷ்டம். அதற்குமேல் பிரேக் பேடு பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. பழைய டயரில் அது தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய டயர் புதிதாக ஒரு பலவீனத்தைக் கொண்டுவந்ததோடு, ஏற்கெனவே இருந்ததையும் வெளியே கொண்டுவந்துவிட்டது.

பையன் சொன்னான், "பழகிடும்பா, கொஞ்சம் முன்னாடியே மிதிச்சா போதும்."

முப்பத்து நான்கு வருடத்தில் நான் ஒரு பாடம் கற்றேன். கேஷ் டேலி ஆகாத அன்றைக்கு "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கிளம்பியவன் நிம்மதியாகத் தூங்கியதில்லை. "பேடும் டிஸ்க்கும் மாற்றும்வரை அந்த வண்டி கராஜை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் நான் டிக்கெட் போட்டு ஊருக்குக் கிளம்புகிறேன்" என்றேன். வளர்ந்த பிள்ளையிடம், அவன் வீட்டிலேயே நின்றுகொண்டு, இப்படிப் பேசுவது எளிதல்ல. அவன் முகம் சுண்டிவிட்டது. வீட்டம்மா இரண்டு பேரையும் திட்டினாள். ஆனால் மறுநாள் காலையில் வாங்கிவந்து அவனே மாற்றினான். 120 டாலர். நான் டார்ச் பிடித்தேன்.

இன்னொரு கணக்கு, இது கவிழ்வது பற்றி. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்று பார்க்க ஒரு எளிய வகுத்தல் வைத்திருக்கிறது. இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலத்தை, வண்டியின் எடைமையம் இருக்கும் உயரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். விடை பெரிதாக இருந்தால் நல்லது. உதாரணத்துக்கு அகலம் 58 அங்குலம், உயரம் 27 என்று வைப்போம். 58-ஐ 54-ஆல் வகுத்தால் 1.07. எடைமையத்தை இரண்டரை அங்குலம் உயர்த்தினால் 58-ஐ 59-ஆல் வகுக்க வேண்டும், 0.98. இரண்டரை அங்குலம் என்பது கண்ணுக்குக் கொஞ்சம்தான், வளைவில் திரும்பும்போது கொஞ்சம் அல்ல.

அந்த மாநிலத்தில் இதற்குச் சட்டமும் உண்டு. ஆறு அங்குலத்துக்குமேல் உயர்த்த அனுமதி வாங்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, மூக்கை வானத்தில் வைத்து ஓட்டுவது ஒரு காலத்தில் அங்கே நாகரிகமாக இருந்தது. எதிரே குழந்தை நின்றால்கூடத் தெரியாது. முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நான்கு அங்குலம் அல்லது அதற்குமேல் உயரமாக இருக்கக் கூடாது என்று 2021 டிசம்பர் முதல் தடை போட்டுவிட்டார்கள்.

இப்போது கணக்கை முடிக்கிறேன். ஷாக்கிள் 85, ஷாக் அப்சார்பர் 208, புஷ் 48, டயர் 712, மாட்டுக்கூலி 80, ஸ்டாண்டு 45, எண்ணெய் போல்ட் சில்லறை 32, அலைன்மென்ட் இரண்டு தடவை 220, பிரேக் 120. ஆக 1,550. விற்காமல் போன பழைய டயர் நஷ்டம் 120. மொத்தம் 1,670 டாலர். மதிப்பீடு 385.

இதில் கிடைத்தது என்ன? ஸ்பிரிங்கில் ஒன்றரை, டயரில் ஒன்று, ஆக மேல்கூடு இரண்டரை அங்குலம் உயர்ந்தது. ஆனால் காட்டுப்பாதையில் கல்லில் முதலில் இடிப்பது பின் அச்சின் நடுவில் தொங்கும் கும்பா. அது அச்சோடு ஒட்டியது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது உயராது, டயர் மட்டுமே அதை உயர்த்தும். ஞாபகம் இருக்கிறதா, 27 மில்லிமீட்டர். 1,670-ஐ 27-ஆல் வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 62 டாலர்.

உவாரிக்குப் போனார்கள். நானும் போனேன். அழகான இடம், பையன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதையும் வரவில் எழுத வேண்டும், எழுதினேன். அங்கே தலை நரைத்த ஒருவர், உயர்த்தாத பழைய பிக்கப்பில் எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டோம். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன் என்றார். காற்றைக் குறைத்தால் டயர் பரந்து கல்லைக் கவ்விப் பிடிக்கும். தார் ரோட்டுக்குத் திரும்புமுன் மறுபடி நிரப்பிவிட வேண்டும், அது முக்கியம். செலவு சுழியம். முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது கடைசிப் பக்கத்தில் வந்தது.

தம்பிகளே, இனி உங்களுக்கு. நம் ஊர்ச் சட்டம் வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது இன்ஷூரன்ஸ். பாலிசி எடுத்த வண்டி ஒன்று, விபத்தில் நிற்கும் வண்டி வேறு ஒன்று என்றால், இழப்பீட்டுக்கு யார் வாசலில் போய் நிற்பீர்கள்? அதனால் அங்கே நாங்கள் செய்ததை இங்கே நீங்கள் செய்யாதீர்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் கொடுத்திருக்கும் டயர் அளவுக்குள்ளேயே, கரடுமுரடுப் பாதைக்கான பட்டன் உள்ள டயர் கிடைக்கும். அதை வாங்குங்கள். பிரேக்கைப் பாருங்கள், ஷாக் அப்சார்பரைப் பாருங்கள், காற்று நிரப்பும் சின்ன பம்ப் ஒன்று வாங்குங்கள். மலைக்குப் போகலாம். நம் அடித்தளப் பார்க்கிங் வாசலில் தொங்கும் உயரக் கம்பியும் தப்பிக்கும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்கள் இங்கே நிறைய பேர். அவர்கள் இப்படி ஏதாவது ஆரம்பித்தால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கேட்க மாட்டார்கள். நாலு கேள்வி கேளுங்கள். பிரேக் பார்த்தாயா? அலைன்மென்ட் எப்போது? சில நூறு மைல் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்கினாயா? வண்டி உயர்ந்தால் ஹெட்லைட்டும் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணில் அடிக்குமே, இறக்கி வைத்தாயா?

ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நானும் கேட்க மறந்தேன். ஸ்டெப்னி. நான்கு டயர் பெரிதாக்கிவிட்டு, ஐந்தாவது பழைய அளவிலேயே வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒன்று மட்டும் சின்னதாக மாட்டி அப்படியே ஓட்டினால் உள்ளே பற்சக்கரங்கள் பாழாகும். ஊருக்குக் கிளம்பும் நாளில்தான் கண்ணில் பட்டது. 178 டாலர். "அடுத்த மாசம் வாங்கிடறேன்பா" என்றான். பேங்கில் இந்த மாதிரி முடியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். அப்படியே எழுதிவிட்டு வந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேத்தியோடு பேசி முடித்ததும் கேட்பேன், "அந்த ஸ்டெப்னி?" போன வாரம் போட்டோ அனுப்பியிருக்கிறான். இன்று காலைதான் அந்தக் கணக்கை முடித்துக் கோடு போட்டேன்.

நோட்டு இங்கே மேஜைமேல் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.